தொழிற்சாலையில் பிறந்த போர்

"முதல் உலகப் போருக்கான காரணங்கள் யாவை?" இவ்வினா வராத வரலாற்றுத் தேர்வு அரிது. நாங்களும் விடையை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இரகசிய உடன்படிக்கைகள், படைப் பெருக்கம், தீவிர தேசியவாதம், குடியேற்ற நாடுகளுக்கான போட்டி, சரயேவோ படுகொலை என ஐந்து விரல்களையும் மடக்கிச் சொல்லி, ஐந்து மதிப்பெண்களையும் வாங்கிவிடுவோம்.

ஆனால் இவ்வாண்டு எங்கள் வரலாற்று வகுப்பில் சகோதரி அவர்கள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். "சரயேவோவில் சுட்டவன் ஒருவன். அவன் சுட்டது இரண்டே தோட்டாக்கள். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் குண்டுமாரி பொழிந்ததே, அந்தக் குண்டுகளையெல்லாம் செய்தது யார்?"

வகுப்பில் சற்று நேரம் அமைதி. "அரசர்கள், சிஸ்டர்" என்றாள் ஒருத்தி. "தளபதிகள்" என்றாள் மற்றொருத்தி. சகோதரி சிரித்தார்கள். "எந்த அரசரும் பட்டறையில் நின்று குண்டு செய்ததாக நான் படித்ததில்லை அம்மா. நூலகத்துக்குப் போய்த் தேடுங்கள். ஒரு மாதம் தருகிறேன்" என்றார்கள்.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து தேடினோம். கண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பொறியும் வைக்கோற்போரும்

வைக்கோற்போர் எரிந்து சாம்பலாவதற்கு ஒரு பொறி போதும். ஆனால் அந்த வைக்கோலை உலர்த்திக் கட்டிப் போராகக் குவித்தவர் யார் என்று கேட்பதே வரலாறு.

பொறி விழுந்த நாள் 1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை. பொஸ்னியாவின் சரயேவோ நகரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவருடைய துணைவியார் சோபியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவன் காவ்ரிலோ பிரின்சிப் என்னும் 19 வயது இளைஞன். ஒரு மாதம் கழித்து, ஜூலை 28 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாவின் மீது போர் தொடுத்தது. செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா படை திரட்டியது. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யாவின் மீதும், ஆகஸ்ட் 3 அன்று பிரான்ஸின் மீதும் போர் அறிவித்தது. மறுநாள் ஜெர்மானியப் படை நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றே பிரிட்டனும் போரில் இறங்கிற்று.

ஆக, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 4 வரை எட்டே நாட்கள்! அதற்குள் ஐரோப்பாவின் ஐந்து வல்லரசுகளும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கிவிட்டன. பழங்காலத்தில் இத்தனை பெரும் படைகளைத் திரட்டவே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

அட்டவணையின் ஆட்சி

வேகத்தைத் தந்தது இருப்புப்பாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா உலகின் பட்டறையாக விளங்கியது. நிலக்கரி, நீராவி, எஃகு ஆகிய மூன்றும் சேர்ந்து நகரங்களை வளர்த்தன. துணியையும் தானியத்தையும் கடிதத்தையும் மனிதரையும் ஊர்விட்டு ஊர் கொண்டுபோயின. அதே இருப்புப்பாதையைப் படைத்துறை அலுவலகங்கள் வேறொரு கண்ணோடு பார்த்தன. எந்தப் படைப்பிரிவு எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எந்தப் பாலத்தை எப்போது கடக்க வேண்டும் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு எழுதி வைத்திருந்தன.

ஜெர்மனியில் கொலோன் நகரத்து ரைன் ஆற்றுப் பாலத்தை எடுத்துக்கொள்வோம். 1914 ஆகஸ்ட் 2 முதல் 18 வரை சுமார் 2,150 படை ரயில்கள் அதன்மேல் மேற்கு நோக்கிச் சென்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில்! ஒவ்வொன்றிலும் 54 பெட்டிகள்.

இதில் எங்களைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. ஆகஸ்ட் 1 அன்று மாலை, பிரிட்டன் விலகி நிற்கக்கூடும் என்ற தகவல் ஜெர்மானியப் பேரரசர் கெய்சர் இரண்டாம் வில்லியமுக்குக் கிடைத்தது. அப்படியானால் பிரான்ஸின் பக்கம் போக வேண்டாம், படை முழுவதையும் கிழக்கே ரஷ்யாவை நோக்கித் திருப்புங்கள் என்று அவர் தம் தலைமைத் தளபதி மோல்ட்கேயிடம் கூறினார். அது முடியாது என்று தளபதி மறுத்துவிட்டார். ஓராண்டு உழைப்பில் உருவான திட்டத்தை ஒரே இரவில் மாற்றினால் படை வெறும் கூட்டமாகிவிடும் என்பது அவர் வாதம். அந்தத் தகவலும் பிழையானது என்று அன்றிரவே தெரியவந்தது. ஆயினும் பேரரசரே கேட்டும் நிறுத்த இயலாத அளவுக்கு அட்டவணை ஆட்சி செய்தது என்பதை நாம் மறக்கலாகாது. மனிதன் இயந்திரத்தை ஓட்டிய காலம் போய், இயந்திரம் மனிதனை இழுத்துக்கொண்டு ஓடிய காலம் வந்துவிட்டது.

ஏர் முனையிலிருந்து போர் முனைக்கு

கிறிஸ்துமஸுக்குள் போர் முடிந்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் 1914 முடிவதற்குள் பெல்ஜியக் கடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்குப் பதுங்கு குழிகள் வெட்டப்பட்டுவிட்டன. இரு தரப்பினரும் மண்ணுக்குள் புகுந்துகொண்டனர். முன்னேறுவோர் மாண்டார்கள், மண்ணுக்குள் இருந்தவர் தப்பினார்கள்.

இதற்குக் காரணமாக இருந்த கருவிகளின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பும் வேதனையும் ஒருங்கே எழுகின்றன. முள்கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்து விவசாயி ஜோசப் கிளிடன் என்பவர் 1874-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மாடுகள் பயிரை மேயாமல் தடுப்பதே அதன் நோக்கம். நாற்பது ஆண்டுகளில் அதே கம்பியில் இளைஞர்கள் சிக்கி நின்றார்கள். எதிரே, 1884-ல் ஹைரம் மாக்ஸிம் வடிவமைத்த இயந்திரத் துப்பாக்கியின் வழியில் வந்த கருவிகள் நிமிடத்துக்கு ஐந்நூறு தோட்டா வீதம் உமிழ்ந்தன.

முள்கம்பியை நசுக்கிச் செல்ல ஒரு வண்டி தேவைப்பட்டது. சேற்று வயலில் புதையாமல் ஓடுவதற்காகச் சங்கிலிப் பட்டை மாட்டிய உழவு டிராக்டர்கள் அமெரிக்காவில் முன்பே இருந்தன. அந்த யோசனையைக் கொண்டு, இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வேளாண் கருவிகள் செய்துவந்த ஒரு தொழிற்சாலை முதல் டாங்கியை உருவாக்கிற்று. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முறையாக ஓடின. கதிர் அறுக்கும் கருவியைச் செய்த கைகளே உயிர் அறுக்கும் கருவியையும் செய்தன.

குண்டுப் பஞ்சம்

பதுங்கு குழியை உடைக்க பீரங்கி ஒன்றே வழி என்று தளபதிகள் முடிவு செய்தனர். பீரங்கிக்குத் தீனி வேண்டுமே! 1915-ல் பிரிட்டனில் குண்டுப் பஞ்சம் ஏற்பட்டது. பத்திரிகைகள் கூக்குரலிட்டன. அரசாங்கம் தளவாட உற்பத்திக்கென்றே தனி அமைச்சகம் தொடங்கி, லாயிட் ஜார்ஜ் என்பவரை அதற்கு அமைச்சராக்கிற்று. பிற்காலத்தில் பிரதமரானவரும் அவரே. பிரான்ஸும் ஜெர்மனியும் இதே பாதையில் சென்றன. இனி நாடு முழுவதும் ஒரு தொழிற்சாலை. மக்கள் அனைவரும் அதன் தொழிலாளர்.

அதன் விளைவை சோம் போரில் காணலாம். 1916 ஜூன் 24 தொடங்கி ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் ஏறத்தாழ 15 இலட்சம் குண்டுகளை வீசின. எதிரியின் குழிகளில் எவரும் உயிரோடு இருக்க முடியாது என்ற நம்பிக்கையில் ஜூலை 1 அன்று காலை வீரர்கள் வெளியே வந்து நடந்தார்கள். ஆனால் ஜெர்மானியர் ஆழமான குழிகளில் பதுங்கியிருந்தனர். முள்கம்பியும் பல இடங்களில் அறுபடவில்லை. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் வீழ்ந்தனர். அவர்களுள் 19,240 பேர் இறந்தனர். நவம்பரில் அந்தப் போர் ஓய்ந்தபோது இரு தரப்பிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ இருந்தனர். கைப்பற்றிய நிலமோ, மிகுதியாக முன்னேறிய இடத்திலும் பத்துக் கிலோமீட்டர் அளவே.

அதே ஆண்டில் வெர்டன் நகரைச் சுற்றிப் பத்து மாதங்கள் போர் நடந்தது. அங்கே டுவோமோன் என்னுமிடத்தில் எழுப்பப்பட்டுள்ள நினைவாலயத்தில், யாருடையவை என்று அடையாளம் காண முடியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் எலும்பு எது, ஜெர்மானியர் எலும்பு எது என்று பிரிக்க இயலவில்லை. வாழ்ந்தபோது சேராதவர்கள் அங்கே சேர்ந்தே துயில்கிறார்கள்.

மஞ்சள் நிற மங்கையர்

இப்போது சகோதரியின் கேள்விக்கு வருவோம். குண்டுகளைச் செய்தது யார்?

ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பட்டறைகள் வெறிச்சோடின. அந்த இடத்தை நிரப்பியவர்கள் பெண்கள். வீட்டு வேலைக்காரிகள், தையற்காரிகள், கடைப் பெண்கள், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண்கள் எனத் திரண்டு வந்தார்கள். பிரிட்டனில் மட்டும் போர் முடியும் தறுவாயில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தளவாட உற்பத்தியில் இருந்தனர். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் குருப் ஆலையிலும், பாரிஸ் நகரத்து ஆலைகளிலும் இதே காட்சிதான்.

டி.என்.டி. என்னும் வெடிமருந்தைக் குண்டுக்குள் நிரப்பும் வேலை கொடியது. நாளடைவில் தோலும் தலைமுடியும் மஞ்சளாகிவிடும். ஊரார் அவர்களுக்குக் 'கானரிப் பறவைகள்' என்று பெயர் வைத்தார்கள். கேட்பதற்கு அழகான பெயர். ஆனால் அந்த மஞ்சள், ஈரல் கெட்டுப்போவதன் அடையாளம். அந்நோயால் நூறு பெண்களுக்கு மேல் இறந்தனர். ஒரு பொறி பறந்தால் ஆலையே போய்விடும் என்பதால், உள்ளே நுழையும்போது தீப்பெட்டி இருக்கிறதா என்று மட்டுமன்று, தலையில் கொண்டை ஊசி இருக்கிறதா என்றும் சோதனை செய்வார்கள். கூலியோ ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ என்னுமிடத்தில் ஒரு குண்டு நிரப்பும் ஆலை இருந்தது. அங்கு வேலை செய்த 16,000 பேரில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் பெண்கள். அவர்களை ஏற்றிவரத் தனி ரயில்கள் ஓடின. அவர்களுக்குப் பால் கொடுப்பதற்காக ஆலையே மாட்டுப் பண்ணை வைத்திருந்தது. 1916 டிசம்பர் 5 அன்று இரவு, பத்து மணிக்குப் பிறகு, இரவுமுறைப் பெண்கள் வேலையைத் தொடங்கிய சற்று நேரத்தில் 42-ஆம் எண் அறையில் குண்டு ஒன்று வெடித்தது. 35 பெண்கள் மாண்டார்கள். கழுத்தில் அணிந்திருந்த அடையாள வில்லையைக் கொண்டே சிலரை இன்னார் என்று அறிய முடிந்தது. சிறிது நேரத்திலேயே ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. மாண்டவர்களின் இடத்தில் நின்று வேலை செய்ய வேறு பெண்கள் தாமாகவே முன்வந்தார்கள். போர்க்காலத் தணிக்கையால் இந்த விபத்து அப்போது செய்தித்தாளில் வெளிவரவில்லை. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே நாட்டு மக்கள் முழு விவரமும் அறிந்தனர்.

இதைப் படித்த அன்று எங்களுள் எவரும் வெகுநேரம் பேசவில்லை. அந்தப் பெண்களில் பலர் எங்களைவிட ஓரிரு வயதே மூத்தவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1918-ல் பிரிட்டனில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது; போரில் அவர்கள் ஆற்றிய தொண்டுக்கு அது வெகுமதி என்று எழுதுவோர் உண்டு. ஆனால் அந்த உரிமை முப்பது வயது நிரம்பியவர்களுக்கு, அதிலும் சொத்துத் தகுதி உடையவர்களுக்கே கிடைத்தது. குண்டு நிரப்பிய இளம்பெண்களில் பெரும்பாலோர் 1928 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் அவர்களை வேலையிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

ஓர் அறிவு, இரு வழிகள்

தொழிற்சாலைக்கு முன்னே நிற்பது ஆய்வுக்கூடம். அங்கே நாங்கள் இருவரைச் சந்தித்தோம்.

ஒருவர் ஜெர்மானிய வேதியியலறிஞர் பிரிட்ஸ் ஹேபர். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் வழியை 1909-ல் செய்து காட்டியவர். கார்ல் பாஷ் என்பவர் அதைப் பெரிய அளவில் செய்ய வழி கண்டார். 1913-ல் ஆலையும் எழுந்தது. இன்று உலக மக்களின் உணவில் பெரும்பகுதி இந்த முறையில் பிறக்கும் உரத்தால் விளைகிறது. ஆனால் போர் மூண்டதும், சிலி நாட்டிலிருந்து வெடியுப்பு வருவதைப் பிரிட்டிஷ் கடற்படை தடுத்துவிட்டது. அப்போது ஜெர்மனிக்கு வெடிமருந்து தந்து போரை நீட்டித்தது இதே அம்மோனியாதான். ஹேபர் அத்துடன் நிற்கவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே 150 டன்னுக்கும் மேற்பட்ட குளோரின் வாயுவைக் காற்றில் திறந்துவிட்ட ஏற்பாடு அவருடையது. நச்சுப் புகையில் வீரர்கள் மூச்சுத் திணறி மாண்டனர். விரைவில் நேச நாடுகளும் அதே ஆயுதத்தைக் கையில் எடுத்தன. 1918-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு, அம்மோனியாவுக்காக, ஹேபருக்கே வழங்கப்பட்டது.

மற்றவர் நாம் அனைவரும் அறிந்த மேரி கியூரி அம்மையார். அதற்குள் இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றுவிட்டவர். காயமுற்ற வீரனின் உடலில் குண்டுத்துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மருத்துவர்கள் தவிப்பதைக் கண்டு, எக்ஸ்ரே கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுபோனார். மின்சாரம் இல்லாத இடத்தில் வண்டியின் இயந்திரமே மின்சாரம் தந்தது. தாமே வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். இத்தகைய வண்டிகள் சுமார் 20, மருத்துவமனை எக்ஸ்ரே அறைகள் சுமார் 200 அவர் முயற்சியால் அமைந்தன. கருவியை இயக்க ஏறத்தாழ 150 பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் தொடங்கியபோது 16 வயதுடையவளாய், பள்ளிப் படிப்பை முடித்திருந்த அவர் மகள் ஐரீனும் தாயுடன் பணிபுரிந்தாள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இந்தக் கருவிகளால் பயன் பெற்றனர். பின்னாளில், 1935-ல், ஐரீனும் நோபல் பரிசு பெற்றார்.

இருவரும் மேதைகள். இருவரும் தம் நாட்டை நேசித்தவர்கள். அவர்களை வேறுபடுத்துவது அறிவின் அளவு அன்று. அந்த அறிவை எந்த வாசலுக்குக் கொண்டுபோனார்கள் என்பதே.

நம் கடற்கரை வரை

ஐரோப்பாவில் மூண்ட சண்டை 'உலகப் போர்' ஆனது எப்படி? குடியேற்ற நாடுகளும் கப்பல் வழிகளும் அதை உலகெங்கும் இழுத்துச் சென்றன. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று சுமார் 130 குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர். மக்கள் அஞ்சி ஊரைவிட்டு வெளியேறினர். உயர்நீதிமன்ற மதிற்சுவரில் பதித்துள்ள கல் இதை இன்றும் கூறுகிறது. எமகாதகப் பேர்வழியை 'சரியான எம்டன்' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்தச் சொல் அந்த இரவின் நினைவே!

இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் உழைப்பாளிகளும் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். சுமார் 74,000 பேர் திரும்பி வரவில்லை. பிரான்ஸின் நோவ் ஷாபெல் என்னுமிடத்து நினைவுச் சின்னத்தில், கல்லறை இன்னதென்று தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மெசபொட்டேமியா எனப்பட்ட இன்றைய ஈராக்கில் மதராஸ் சாப்பர் படையினர் பாலமும் பாதையும் அமைத்தனர். சென்னைக் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தைப் பேருந்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறோம். அது முதலில் இந்தப் போருக்காக எழுப்பப்பட்டது என்பதை இப்போதுதான் அறிந்தோம்.

"போதும்" என்றவர்கள்

எல்லாரும் போர் வெறியில் மூழ்கியிருந்தார்களா? இல்லை. 1915 ஏப்ரல் இறுதியில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் 12 நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடி அமைதிக்கு வழி தேடினர். ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளின் பெண்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர். தலைமை வகித்த அமெரிக்கச் சமூகத் தொண்டர் ஜேன் ஆடம்ஸ் அம்மையாரும் பிறரும் பின்னர் நாடு நாடாகச் சென்று தலைவர்களைச் சந்தித்தனர். பத்திரிகைகள் ஏளனம் செய்தன. 1931-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

போர் தொடங்கிய ஒரு மாதத்தில் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதினைந்தாம் பெனடிக்ட், 1914 கிறிஸ்துமஸுக்காவது துப்பாக்கிகள் ஓயட்டும் என்று வேண்டினார். அரசுகள் இணங்கவில்லை. ஆனால் மேற்கு முனையில் பல இடங்களில் சாதாரண வீரர்கள் தாமாகவே குழியை விட்டு ஏறி வந்து, எதிரிக்குக் கைகொடுத்து, விழாப் பாடல்களைப் பாடினார்கள். 1917 ஆகஸ்ட் 1 அன்று திருத்தந்தை போரிடும் நாடுகளுக்கு ஓர் அமைதித் திட்டத்தை அனுப்பி, இந்தப் போரைப் பயனற்ற படுகொலை என்றே குறித்தார். இரு தரப்பும் அதை ஏற்கவில்லை. மாதாவின் மன்றாட்டு மாலையில் நாம் சொல்லும் 'சமாதானத்தின் இராக்கினி' என்ற பெயரை அவரே 1917-ல் சேர்த்தார். நாள்தோறும் நம் நாவில் வரும் அந்த விளிப்பு, பதுங்கு குழிகளின் காலத்தில் பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பதினொன்றாம் மணி

1917 ஏப்ரலில் அமெரிக்கா நேச நாடுகளின் பக்கம் சேர்ந்தது. அதே ஆண்டில் ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. கடல் முற்றுகையால் ஜெர்மனியில் உணவு அற்றுப்போய், 1916-17 குளிர்காலத்தில் ஏழைகள் டர்னிப் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தனர். இறுதியில் 1918 நவம்பர் 11 அன்று விடியற்காலையில், கொம்பியேன் காட்டில் நிறுத்தியிருந்த ஒரு ரயில் பெட்டியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ரயிலேறித் தொடங்கிய போர் ரயில் பெட்டியிலேயே முடிந்தது!

ஒப்பந்தம் காலை 11 மணிக்கு நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. இடையில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். போர் முடிந்துவிட்டது என்று தெரிந்தும் பல இடங்களில் பீரங்கிகள் ஓயவில்லை. அந்தக் கடைசி நாளில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிட்டுள்ளனர். இயந்திரத்தை ஓட விடுவது எளிது, நிறுத்துவது அரிது.

இப்போரில் ஏறத்தாழ ஒரு கோடி வீரர்கள் இறந்தனர். சுமார் இரண்டு கோடிப் பேர் காயமுற்றனர். ஜெர்மானிய, ஆஸ்திரிய, ரஷ்ய, துருக்கியப் பேரரசுகள் நான்கும் சரிந்தன. 1919 ஜூன் 28 அன்று, சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்து ஆண்டுகள் நிறைந்த நாளில், வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. 1920-ல் சர்வதேச சங்கம் தொடங்கிற்று. ஆனால் 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது.

நாங்கள் கற்ற பாடம்

ஒரு மாதம் கழித்து வகுப்பில் இவற்றையெல்லாம் படித்துக் காட்டினோம். முடித்ததும் எங்களுள் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், அந்தப் பெண்கள் செய்தது தவறா?" என்று கேட்டாள்.

சகோதரி உடனே விடை சொல்லவில்லை. "அவர்களுடைய அண்ணனும் தம்பியும் போர்முனையில் இருந்தார்கள். குண்டு இல்லையென்றால் அண்ணன் சாவான் என்றார்கள். வீட்டில் சோற்றுக்கும் வழி வேண்டும். நீ அங்கே இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று திருப்பிக் கேட்டார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை. "பதில் தெரியாவிட்டாலும் கேள்வியை விட்டுவிடாதே, உட்கார்" என்றார்கள்.

நாங்கள் அதை விடவில்லை. எங்களுக்குப் புரிந்தது இதுவே. அட்டவணை எழுதிய அலுவலர், கம்பி நூற்ற தொழிலாளி, எஃகு உருக்கியவர், குண்டு நிரப்பிய பெண் எனப் பல்லாயிரம் பேர் தத்தம் சிறு வேலையை நேர்மையாகவும் திறமையாகவும் செய்தார்கள். எவரும் முழுவதையும் பார்க்கவில்லை. பார்க்கும்படி எவரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. அந்தச் சிறு வேலைகள் எல்லாம் கூடி ஒரு கோடி உயிர்களைக் கொண்டுபோயின. சரயேவோவின் இரண்டு தோட்டாக்களைவிட அஞ்சத்தக்கது இதுதான்.

பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் உழவர்கள் இன்றும் ஏர் ஓட்டும்போது, அன்று வெடிக்காமல் புதைந்த குண்டுகள் மேலே வருகின்றன. நூற்றாண்டு கடந்தும் அறுவடை ஓயவில்லை. அவற்றை நிரப்பிய கைகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. நிரப்பிய பொருள் மட்டும் இன்னும் காத்துக் கிடக்கிறது.

அன்புத் தோழியரே! நாளை நம்முள் ஒருத்தி வேதியியல் கற்பாள். ஒருத்தி கணிப்பொறி முன் அமர்வாள். ஒருத்தி தொழிற்சாலையில் கணக்கு எழுதுவாள். "கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்" என்று வீட்டிலும் பள்ளியிலும் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அது நல்ல பாடமே. அதோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்வோம். என் கை செய்யும் இந்த வேலை கடைசியில் யார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரும் என்று கேட்போம். கியூரி அம்மையாரின் வண்டியைப் போலக் காயத்தைத் தேடிப் போகிறதா, காயத்தை உண்டாக்கப் போகிறதா என்று கேட்போம்.

அடுத்த தேர்வில் போரின் காரணங்களைக் கேட்டால் நாங்கள் வழக்கம்போல் ஐந்தும் எழுதுவோம். ஆறாவதாகவும் ஒன்றை எழுதுவோம்: கேள்வி கேளாமல் செய்த வேலை. மதிப்பெண் கிடைக்குமோ கிடைக்காதோ, எழுதத்தான் போகிறோம்.